பஸ்ஸில் இடம் இருந்தும் சிறிய பாக்கெட்டுகள் தேங்குவது ஏன்?

கேள்வியின் சாரம் இது. 40 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ்ஸின், அதாவது கார்டுகளைப் பிராசசரோடும் நினைவகத்தோடும் இணைக்கும் பாதையின், எட்டு லேன் (தடம்) ஸ்லாட்டில் இருக்கிறது. வரும் பாக்கெட்டை வாங்கி, முகவரியை மாற்றி, அதே கார்டு வழியாகத் திருப்பி அனுப்பும் நிரல், கெர்னலைத் தவிர்த்துக் கார்டை நேரடியாகக் கையாளும் டிபிடிகே நூலகத்தின் மேல் ஓடுகிறது. 1518 பைட் பாக்கெட்டுகளில் முழு வேகம் கிடைக்கிறது; 64 பைட் பாக்கெட்டுகளில் நொடிக்கு 5 கோடியைச் சற்றே தாண்டியதும் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. நிரலுக்குக் கொடுத்த பிராசசர் கோர்களை இரட்டிப்பாக்கியும் அசையவில்லை. பஸ்ஸால் 63 ஜிகாபிட் கொண்டுபோக முடியும், போர்ட்டின் வேகமோ 40 ஜிகாபிட்தான் என்றிருக்கும்போது தடை எங்கிருந்து வருகிறது?

தடை பஸ்ஸில்தான் இருக்கிறது என்பதே என் கணிப்பு. நீங்கள் சொல்லும் 5 கோடிச் சொச்சத்தைக் காகிதத்திலேயே வரவழைத்துக் காட்டவும் முடியும். 63 ஜிகாபிட் என்பது பஸ்ஸில் ஓடும் எல்லாப் பைட்டுகளுக்குமான கணக்கு. அவற்றில் உங்கள் பாக்கெட்டின் பைட்டுகள் எத்தனை என்பதை அந்த எண் சொல்வதில்லை. சிறிய பாக்கெட்டுகளைப் பொறுத்தவரை, ஒரு பாக்கெட்டுக்காக எந்தத் திசையில் எத்தனை பைட் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்காமல் பஸ்ஸின் விளம்பர வேகத்தை வைத்து முடிவெடுப்பது எப்போதும் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

முதலில் கம்பிப் பக்கம். ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் (கம்பியில் போகும் பாக்கெட்டின் வடிவம்) 64 பைட். கடைசியில் வரும் 4 பைட் சரிபார்ப்புத் தொகையும் இதற்குள் அடக்கம். ஃபிரேமுக்கு முன்னால் வரும் 8 பைட் முன்னொட்டும், ஃபிரேம்களுக்கு இடையே விடவேண்டிய 12 பைட் இடைவெளியும் சேர்ந்தால் கம்பியில் 84 பைட், அதாவது 672 பிட் ஆகிறது. ஆகவே 10 ஜிகாபிட்டில் நொடிக்கு 1.488 கோடி, 40 ஜிகாபிட்டில் 5.95 கோடி, 100 ஜிகாபிட்டில் 14.88 கோடிப் பாக்கெட்டுகள் வரலாம். 40 ஜிகாபிட்டில் இரண்டு பாக்கெட்டுகளுக்கு இடையே 16.8 நானோ நொடிதான் உண்டு. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் அது ஏறத்தாழ 50 கடிகாரச் சுழற்சி. 1518 பைட் ஃபிரேம்களாக இருந்தால் அதே போர்ட்டில் நொடிக்கு 32.5 இலட்சம்தான் வரும். இரண்டுக்கும் இடையே பதினெட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால்தான், நெட்வொர்க் கருவிகளுக்காக 1999-இல் வெளியான ஆர்எஃப்சி 2544 சோதனை முறை 64 பைட்டில் தொடங்கி 1518 பைட் வரை பல அளவுகளைத் தனித்தனியே அளக்கச் சொல்கிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சலுகையும் இருக்கிறது. கம்பியில் போகும் அந்தக் கூடுதல் 20 பைட் பஸ்ஸுக்கு வருவதே இல்லை. 64 பைட் ஃபிரேம்களால் 40 ஜிகாபிட் போர்ட் நிறைந்திருக்கும்போது உண்மையான ஃபிரேம் பைட்டுகள் ஏறத்தாழ 30.5 ஜிகாபிட்தான். ஆக, பஸ்ஸுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு இடம் இருப்பதாகவே மேலோட்டக் கணக்கு சொல்லும். அப்படியிருந்தும் அது திணறுகிறது என்றால், பாக்கெட்டோடு கூடவே போகும் மற்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு 800 கோடிப் பிட்டுகளைத் தள்ளுகிறது. ஒவ்வொரு 130 பிட்டிலும் 128 மட்டுமே தரவு என்பதால், எட்டு லேன்களுக்கும் சேர்த்து ஒரு திசையில் 63 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 788 கோடிப் பைட் வருகிறது. இதற்குள்தான் இணைப்பைப் பராமரிக்கும் சிறு செய்திகளும் ஓட வேண்டும்: சரியாக வந்து சேர்ந்தது என்னும் ஒப்புதல், எதிர்முனையில் இவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்னும் அறிவிப்பு ஆகியவை ஒவ்வொன்றும் 8 பைட் பிடிக்கும். இவற்றுக்காக நான் எப்போதும் 8 சதவீதம் கழித்துவிடுவேன். மிஞ்சுவது 724 கோடிப் பைட். கீழே வரும் எல்லா வகுத்தலுக்கும் இந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதும் உள்ளுக்குள் ஒரு பாக்கெட் வலைப்பின்னல்தான். அதில் ஓடும் பாக்கெட்டுகளை டிஎல்பி என்பார்கள். குழப்பம் வராமலிருக்க அதே பெயரால் குறிப்பிடுகிறேன். நினைவகத்தில் எழுதும் டிஎல்பிக்கு 64 பிட் முகவரியோடு 16 பைட் ஹெடர் (தலைப்பு விவரம்), தொடக்க அடையாளமும் வரிசை எண்ணும் சேர்ந்த 4 பைட், முடிவில் 4 பைட் சரிபார்ப்பு என 24 பைட் கூடுதலாகிறது. நினைவகத்தைப் படிக்கக் கேட்கும் டிஎல்பியில் தரவே இல்லை. ஆனாலும் அதே 24 பைட். கேட்டதற்குப் பதிலாகத் தரவைச் சுமந்து வரும் டிஎல்பிக்கு ஹெடர் 12 பைட் என்பதால் கூடுதல் 20 பைட். ஒரே டிஎல்பியில் சுமக்கக்கூடிய உச்சத் தரவு பெரும்பாலான சர்வர்களில் 256 பைட்டாக அமைந்திருக்கும். 1518 பைட் பாக்கெட்டை ஆறு துண்டாக்கி எழுதினால் 144 பைட் கூடும். அது ஒன்பதரைச் சதவீதம்தான், வலிக்காது. 64 பைட்டுக்கு 24 என்பது 37.5 சதவீதம். 4 பைட் செய்தி ஒன்றை அனுப்ப 24 பைட் கூலி என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இந்தக் கூலி பாக்கெட்டுக்கு ஒரு முறை மட்டும் கொடுப்பதாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு பாக்கெட் வந்து சேரும்போது பஸ்ஸில் என்னென்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் நிலைமை புரியும். டிரைவர் முன்கூட்டியே நினைவகத்தில் காலிப் பஃபர்களின் (பாக்கெட்டை வைக்கும் இடங்களின்) முகவரிகளை 16 பைட் டிஸ்கிரிப்டர்களாக, அதாவது விவரக் குறிப்புகளாக, ஒரு ரிங்கில் (வட்டமாகச் சுற்றிவரும் பட்டியலில்) எழுதிவைத்து, கார்டின் ரிஜிஸ்டரில் ரிங்கின் வால் எங்கிருக்கிறது என்று தெரிவிக்கிறது. இதைத்தான் டோர்பெல் அடிப்பது என்கிறோம். கார்டு அந்த டிஸ்கிரிப்டரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாக்கெட் வந்ததும் அதைப் பஃபரில் எழுதுகிறது. பின்பு பாக்கெட்டின் நீளம், நிலை முதலியவற்றை டிஸ்கிரிப்டரின் மேலேயே திருப்பி எழுதுகிறது. பாக்கெட் வந்ததைப் பிராசசரைக் குறுக்கிட்டுச் சொல்லும் இன்டரப்ட் இயங்கும் அமைப்பாக இருந்தால் அதற்கும் 4 பைட் எழுதும் டிஎல்பி ஒன்று போகிறது. கார்டிலிருந்து நினைவகத்தை நோக்கிய மேல் திசையை மட்டும் கூட்டுவோம்: பாக்கெட்டுக்கு 88, திருப்பி எழுதும் டிஸ்கிரிப்டருக்கு 40, டிஸ்கிரிப்டரைக் கேட்பதற்கு 24, இன்டரப்ட்டுக்கு 28, மொத்தம் 180 பைட். 724 கோடியை 180-ஆல் வகுத்தால் 4.02 கோடி. போர்ட்டின் உச்சமான 5.95 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு. வெறுமனே வாங்கும் வேலைக்கே இந்த நிலை. இன்னும் ஒரு பாக்கெட்டைக்கூட அனுப்பத் தொடங்கவில்லை.

இன்றைய கார்டுகளும் டிரைவர்களும் இவ்வளவு கையை விரித்துச் செலவழிப்பதில்லை. நான்கு டிஸ்கிரிப்டர்களைச் சேர்த்து ஒரு கேஷ் லைன் (பிராசசரின் கேஷ் நினைவகம் ஒரே அலகாகக் கையாளும் துண்டு) அளவாக 64 பைட்டை ஒரே தடவையில் எழுதினால் பாக்கெட்டுக்கு 40 என்பது 22 ஆகக் குறையும். எட்டு டிஸ்கிரிப்டர்களை ஒரே கோரிக்கையில் கேட்டால் 24 என்பது 3 ஆகும். டிபிடிகே போல ஓயாமல் நினைவகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் முறையில் இன்டரப்ட் செலவே இல்லை. இப்போது மேல் திசையில் பாக்கெட்டுக்கு 88, 22, 3 என 113 பைட், நொடிக்கு 6.41 கோடி. போர்ட்டின் உச்சத்தைத் தாண்டிவிட்டோம், ஆனால் மிக நெருக்கமாகத்தான். சோதனைக் கருவியிலிருந்து பாக்கெட்டுகளை வாங்கி எண்ணிவிட்டு எறிந்துவிடும் நிரல்களில் முழு வேகம் வருவதும், அதை நம்பி அனுப்பும் வேலையைச் சேர்த்ததும் சறுக்குவதும் இதனால்தான்.

அனுப்பும்போது என்ன நடக்கிறது என்பதே உங்கள் கேள்வியின் மையம். பிசிஐ எக்ஸ்பிரஸில் இரண்டு திசைகளும் தனித்தனி என்பதால், வாங்குவது மேல் திசையிலும் அனுப்புவது கீழ்த் திசையிலும் ஒன்றையொன்று தொடாமல் ஓடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. அனுப்ப வேண்டிய பாக்கெட்டைக் கார்டு நினைவகத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கோரிக்கை போவது மேல் திசையில், அதாவது வந்த பாக்கெட்டுகளை எழுதிக்கொண்டிருக்கும் அதே திசையில். பாக்கெட்டுக்கு ஒரு கோரிக்கை 24 பைட், டிஸ்கிரிப்டர்களைக் கேட்பதில் அதன் பங்கு 3 பைட், 32 பாக்கெட்டுக்கு ஒரு முறை அனுப்பியாயிற்று என்று எழுதுவதில் ஏறத்தாழ 1 பைட். 113-உடன் இந்த 28-ஐக் கூட்டினால் 141. 724 கோடியை அதனால் வகுத்தால் 5.13 கோடி. நீங்கள் கண்ட எண் இதுவே. கீழ்த் திசையிலும் நிலைமை அவ்வளவு தாராளமாக இல்லை: பாக்கெட்டைச் சுமந்து வரும் பதில் 84, இரு பக்க டிஸ்கிரிப்டர்களும் 64 பைட் துண்டுகளாக வந்தால் தலா 21 என 126 பைட், அதாவது 5.75 கோடி. இரண்டு திசைகளுமே 5.95 கோடிக்குக் கீழே இருக்கின்றன. மேல் திசை முதலில் அடைத்துக்கொள்கிறது. கோர்களைக் கூட்டியும் எண் நகராததற்குக் காரணம் வேறில்லை.

இதே கணக்கை 1518 பைட்டுக்குப் போட்டால், கோரிக்கைகளையும் சேர்த்து மேல் திசையில் 1763 பைட் வருகிறது, நொடிக்கு 32.5 இலட்சம் பாக்கெட்டுக்கு 573 கோடிப் பைட். 724-க்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது.

பைட்டுகளை எண்ணி முடித்த பிறகும் காலம் என்றொரு கணக்கு மிஞ்சுகிறது. எழுதும் டிஎல்பியை அனுப்பிவிட்டு கார்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பது அப்படியல்ல, கோரிக்கை பிராசசரைச் சென்றடைந்து, முகவரி மொழிபெயர்க்கப்பட்டு, கேஷிலோ நினைவகத்திலோ தேடப்பட்டு, பதில் திரும்பி வர சில நூறு நானோ நொடி பிடிக்கும். 600 நானோ நொடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 5.95 கோடி என்ற வேகத்தில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 36 பாக்கெட் கோரிக்கைகள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். 100 ஜிகாபிட்டில் அது 89. எந்தப் பதில் எந்தக் கோரிக்கைக்கு என்று அறிய ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டேக் எண் வேண்டும். டேக் 5 பிட்டாக இருந்தால் 32 கோரிக்கைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது. 8 பிட்டாக விரித்தால் 256 கிடைக்கும். நான்காம் தலைமுறையில் 10 பிட் டேக் வந்தது. விரிந்த டேக் அணைந்து கிடக்கும் சர்வரில் பஸ் காலியாகவே இருக்க, கார்டு சும்மா காத்திருக்கும். பைட் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த வகைத் தடையை அது காட்டாது.

எதிர்முனையின் இட ஒதுக்கீடும் இதே வகையானது. ஹெடர்களுக்கு ஒரு ஒதுக்கீடு, தரவுக்கு ஒவ்வொரு 16 பைட்டுக்கும் ஒரு ஒதுக்கீடு என்று பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரித்துவைத்திருக்கிறது. 256 பைட் சுமக்கும் டிஎல்பியும் 4 பைட் சுமக்கும் டிஎல்பியும் ஆளுக்கொரு ஹெடர் இடத்தைப் பிடிப்பதால், சிறிய பாக்கெட்டுகளில் தரவுக்கான இடம் காலியாகக் கிடக்க ஹெடர் இடம் தீர்ந்துபோகும். மேலும், படிக்கும் கோரிக்கை தனக்கு முன்னால் நிற்கும் எழுதும் டிஎல்பியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது பஸ்ஸின் வரிசை விதி. வந்த பாக்கெட்டுகளின் எழுத்து நெரிசலில் நிற்கும்போது, அனுப்ப வேண்டியவற்றுக்கான கோரிக்கைகளும் அதன் பின்னாலேயே நிற்கும். இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்யும்போது மட்டும் தாமதம் சட்டென்று எகிறுவதற்கு இந்த விதிக்குப் பெரும்பங்கு உண்டு.

டோர்பெல்லைப் பற்றியும் ஒரு சொல். பிராசசர் கார்டின் ரிஜிஸ்டரைப் படிப்பதென்றால் பதில் வரும்வரை அந்தக் கோர் உறைந்து நிற்கும். ஒரு மைக்ரோ நொடியை ஒட்டிய அந்த நேரத்தில், நொடிக்கு நூறு கோடிக்கணக்கில் ஓடும் கடிகாரம் ஆயிரக்கணக்கான சுழற்சிகளை வீணாக்கிவிடும். ஆகவே பாக்கெட்டுகள் ஓடும் பாதையில் ரிஜிஸ்டரைப் படிக்கும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நிலையை நினைவகத்தில் எழுதும் பொறுப்பைக் கார்டிடம் விட்டிருப்பது இதற்காகத்தான். எழுதுவது அவ்வளவு கொடுமையில்லை, ஆனால் இலவசமும் இல்லை. பாக்கெட்டுக்கு ஒரு டோர்பெல் அடித்தால் கீழ்த் திசையில் 28 பைட் கூடி 126 என்பது 154 ஆகும், 5.75 கோடி 4.70 கோடியாக இறங்கும். 32 பாக்கெட்டுக்கு ஒன்று அடித்தால் அந்தச் செலவு ஒரு பைட்டுக்கும் குறைவு. லினக்ஸ் கெர்னலும் 2014 இறுதியில் வந்த 3.18 பதிப்பில், பின்னால் இன்னும் பாக்கெட் இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லி டோர்பெல்லைத் தள்ளிப்போடும் வசதியைச் சேர்த்துக்கொண்டது.

பஸ்ஸைத் தாண்டி பிராசசருக்குள் நுழைந்த பிறகு கேஷ் லைன் என்ற இன்னோர் எல்லை வருகிறது. 64 பைட் பாக்கெட் ஒரே கேஷ் லைனுக்குள் அடங்கும். 65 பைட் பாக்கெட் இரண்டாவது லைனில் ஒரேயொரு பைட்டைத் தொடும். முழுமையாக எழுதப்படாத லைனைப் பழைய உள்ளடக்கத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டியிருப்பதால் அந்த ஒரு பைட்டின் விலை மிக அதிகம். அளவை ஒவ்வொரு பைட்டாகக் கூட்டி வரைபடம் போட்டால் 64, 128, 192 ஆகியவற்றைத் தாண்டிய இடங்களில் பல் பல்லாகச் சரிவு தெரிவது இதனால்தான். கார்டு சரிபார்ப்புத் தொகையை நீக்கிவிட்டு 60 பைட் மட்டும் எழுதினால் முதல் லைனே அரைகுறையாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மீதியைப் பூஜ்யங்களால் நிரப்பி முழு லைனாக எழுதும் விருப்பத்தேர்வு சில கார்டுகளில் உண்டு. பஸ்ஸில் சில பைட் கூடினாலும் மொத்தத்தில் அது இலாபமாக முடியலாம்.

இன்டெல் 2012-இல் ஜியான் ஈ5 பிராசசர்களோடு கொண்டுவந்த டிடிஐஓ வசதியால் கார்டு எழுதும் தரவு நேராகக் கடைசி நிலைக் கேஷுக்குப் போகிறது. ஆனால் அதற்கு இயல்பாக ஒதுக்கப்படுவது அந்தக் கேஷின் இரண்டு வழிகள் (கேஷைப் பிரித்துவைத்திருக்கும் பகுதிகளில் இரண்டு) மட்டுமே. பாக்கெட் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ரிங்கை 4096 என்று வைத்து, தனித்தனி ரிங் கொண்ட எட்டு க்யூக்களைத் திறப்பவர்கள், பஃபருக்கு 2 கிலோபைட் வீதம் 64 மெகாபைட்டைச் சுழற்சியில் விடுகிறார்கள். சிறிய பாக்கெட்டுகள் அதில் சிறு பகுதியைத்தான் தொடும் என்றாலும், தரவு கேஷிலிருந்து வெளியே தள்ளப்பட்டுப் பின்பு மீண்டும் உள்ளே இழுக்கப்படும் நிலை வந்துவிடும். ரிங்கைச் சுருக்கியதும் வேகம் கூடுவது பலருக்கு வியப்பாக இருக்கிறது, காரணம் இவ்வளவுதான். கார்டு தரும் முகவரிகளை மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யு இயங்கிக்கொண்டு பஃபர்கள் 4 கிலோபைட் பக்கங்களில் சிதறிக் கிடந்தால் முகவரி மொழிபெயர்ப்பும் தாமதத்தைக் கூட்டும். 2 மெகாபைட் அல்லது 1 கிகாபைட் பெரும்பக்கங்கள் இதற்கு நல்ல மருந்து. இரு சாக்கெட் சர்வரில் கார்டு ஒரு பிராசசரிலும் நிரல் மறு பிராசசரிலும் இருந்தால், மேலே 600 நானோ நொடி என்று எடுத்துக்கொண்டது நீளும். டேக் கணக்கு மறுபடியும் குறுக்கே வரும்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். தடை பஸ்ஸில்தான் என்று உறுதிசெய்ய எளிய வழிகள் உண்டு. பிராசசரின் கடிகார வேகத்தைக் கால் பங்கு குறைத்துப் பாருங்கள்: பாக்கெட் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் இறங்கினால் தடை நிரலில், அசையாமல் நின்றால் தடை வெளியே. டிபிடிகே நிரலில் கோர் எப்போதும் 100 சதவீதம் ஓடுவதாகவே தெரியும் என்பதால் அந்தச் சதவீதத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பாக்கெட்டும் கிடைக்காமல் திரும்பிய சுற்றுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அடுத்து, வாங்குவதை மட்டும் ஓட்டுங்கள், அனுப்புவதை மட்டும் ஓட்டுங்கள், பின்பு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். தனித்தனியே முழு வேகம் வந்து சேர்த்தால் மட்டும் இறங்குமானால், மேல் திசையில் கோரிக்கைகளும் எழுத்தும் மோதுகின்றன என்று பொருள். பாக்கெட் அளவை 64-லிருந்து 128 வரை கூட்டுவதும் நிறையச் சொல்லும்: போர்ட்டின் உச்சத்தைத் தொடும்வரை பாக்கெட் எண்ணிக்கை அப்படியே இருந்தால், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று செலவாகும் கார்டின் உள்வேலையோ டேக்கோ காரணம், எண்ணிக்கை மெல்லக் குறைந்து, பாக்கெட்டுக்கான மொத்த பஸ் பைட்டுகளோடு பெருக்கினால் ஒரே எண் வந்துகொண்டிருந்தால் பஸ்ஸின் கொள்ளளவே காரணம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இணைப்பின் திறன் என்ன, இப்போது ஏற்பட்டிருக்கும் நிலை என்ன என்ற இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுவிடுங்கள். பதினாறு லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் உள்ளே எட்டு அல்லது நான்கு லேன்களுக்கு மட்டுமே கம்பி இருப்பதும், சரியாகப் பொருந்தாத கார்டு குறைந்த வேகத்தில் இணைந்துவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. உச்சத் தரவு அளவும், ஒரே கோரிக்கையில் கேட்கக்கூடிய அளவும் அதே வெளியீட்டில் இருக்கும். உச்சத் தரவை 256-லிருந்து 512 ஆக்குவதால் 64 பைட் பாக்கெட்டுக்கு ஒரு பயனும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் அந்த அறிவுரை மீண்டும் மீண்டும் வருகிறது, ஆனால் அது பெரிய பாக்கெட்டுகளுக்கானது.

மருந்து என்று பார்த்தால், பாக்கெட்டுக்கான பரிமாற்றங்களைக் குறைப்பதே முதல் வழி. பாக்கெட்டின் உள்ளடக்கத்தை டிஸ்கிரிப்டருக்குள்ளேயே வைத்து அனுப்பும் வசதி உங்கள் கார்டில் இருந்தால், பாக்கெட்டைத் தனியாகக் கேட்கும் 24 பைட் கோரிக்கை மறைந்து மேல் திசை 141-லிருந்து 117-க்கு இறங்கும், அது 6.19 கோடி. பிராசசர் 64 பைட்டைப் பிரதியெடுக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் உங்களிடம் கோர்கள் சும்மா இருக்கின்றன. அதன் பிறகு கீழ்த் திசையின் 5.75 கோடி தடையாக முன்னே வரும். அருகருகே இருக்கும் டிஸ்கிரிப்டர்களைப் பெரிய கோரிக்கையாகக் கேட்டு, பதிலும் 64 பைட் துண்டுகளாக உடையாமல் 256 பைட்டாக வந்தால் அதுவும் விலகும். பாக்கெட்டின் வேலை முடிந்தது என்று கார்டு நினைவகத்தில் எழுதும் முடிவறிவிப்புகளைச் சுருக்குவது இன்னொரு வழி. மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ் வகைக் கார்டுகளில் ஒரு பாக்கெட்டின் முடிவறிவிப்பு இயல்பாக 64 பைட். டிஎல்பி கூலியோடு 88, அதாவது பாக்கெட்டுக்கு ஆகும் அதே செலவு. அவற்றில் அறிவிப்பை 8 பைட்டாகச் சுருக்கும் வசதி இல்லாமல் சிறிய பாக்கெட்டுகளில் நல்ல எண்ணை எட்டுவது கடினமான காரியம். பாக்கெட்டுகளைப் பிடித்துச் சேமிப்பதற்கென்றே செய்யப்படும் கார்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், தனித்தனிப் பஃபர் என்பதையே கைவிட்டு நீண்ட நினைவகப் பகுதியில் பாக்கெட்டுகளை அடுத்தடுத்துக் கொட்டுகின்றன. நான்கு பாக்கெட்டுகள் 256 பைட்டாக ஒரே டிஎல்பியில் போனால் 88 என்பது 70 ஆகிறது.

இது இன்றைக்குப் புதிதாக முளைத்த சிக்கலும் அல்ல. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பழைய பிசிஐ பஸ் நொடிக்கு 133 மெகாபைட்டை எல்லாக் கார்டுகளுக்கும் இரு திசைகளுக்கும் பொதுவாக வைத்திருந்தது. ஒரு ஜிகாபிட் கார்டுக்கே அது போதவில்லை. அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ் 133 (இது பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்ல) தந்தது 8.5 ஜிகாபிட் என்பதால், அதில் செருகிய 10 ஜிகாபிட் கார்டுகள் தம் முழு வேகத்தைக் காணவே வழியில்லை. தலைமுறைக்குத் தலைமுறை லேன் வேகம் இரட்டிப்பானாலும் ஒரு டிஎல்பியின் 24 பைட் கூலி மட்டும் முதல் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறை வரை அப்படியே இருந்தது. 2022 ஜனவரியில் வெளியான ஆறாம் தலைமுறை விதிமுறையில்தான், 256 பைட் கொண்ட நிலையான தொகுதிகளாகத் தரவு போகத் தொடங்கியது. சரிபார்ப்பு தொகுதிக்கு ஒன்றாகிவிட்டதால் டிஎல்பிக்கென்று தனியாக இருந்த 4 பைட் சரிபார்ப்பும் தொடக்க அடையாளமும் தேவையற்றுப் போயின. ஹெடர் மட்டும் இன்றும் இருக்கிறது.

100 ஜிகாபிட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஸ்லாட்டை முதலில் பாருங்கள். மூன்றாம் தலைமுறைப் பதினாறு லேனில் 1448 கோடிப் பைட்டை 113-ஆல் வகுத்தால் 12.8 கோடி, வாங்குவதற்கே 14.88 கோடி எட்டாது. நான்காம் தலைமுறைப் பதினாறு லேனில் வாங்கி அனுப்பும் 141 பைட் கணக்கிலேயே 20.5 கோடி வரும். உங்கள் இப்போதைய கார்டும் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது என்றால், அதை நான்காம் தலைமுறை ஸ்லாட்டுக்கு மாற்றுவதில் பயனில்லை. இரு முனைகளும் ஒத்துக்கொள்ளும் வேகத்தில்தான் இணைப்பு அமையும். புதிய சர்வர் வாங்கும்வரை, வாங்குவதை ஒரு கார்டிலும் அனுப்புவதை வேறு ஸ்லாட்டில் இருக்கும் இன்னொரு கார்டிலும் பிரித்துவிடுங்கள். இரண்டு ஸ்லாட்டுகளும் ஒரே பிராசசரிலிருந்து நேராக வருகின்றனவா, அல்லது சிப்செட்டின் பின்னால் ஒரே குறுகிய இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்பதை மதர்போர்டின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்; நேராக வருமானால், ஒவ்வொரு கார்டும் மேல் திசையில் சுமக்க வேண்டியது முறையே 113 பைட்டும் 28 பைட்டும்தான்.